நூற்றுப்பத்து டிகிரி

அடுப்பில் இருப்பதை அடிக்கடி திறந்து பார்ப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். என் மனைவி ஜலீலா ஒரு சோறு வடிப்பதற்குள் நான்கு முறை மூடியைத் தூக்குவாள். மகன் ஷமீல் பாத்திரத்துக்குள் தலையையே விட்டுவிடுவான். மகள் ஃபிதாவும் அம்மாவைக் கொண்டுதான் பிறந்திருக்கிறாள். எனக்கு மட்டும் அந்தப் பழக்கம் இல்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முப்பது வருஷமாகச் சுக்கும் மிளகும் விற்கிறவன் நான். காய்வதற்கு முன் மூட்டை கட்டிய சுக்கு என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியும். பதறாத காரியம் சிதறாது.

ஜமாஅத் செயலாளர் அவர்களே, சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். என் மகளின் மாமனார், தேவராவில் இருக்கும் சம்பந்தி, உங்களிடம் கொடுத்த புகாரில் நான்கு இடங்களில் ‘மனுஷத்தன்மை’ என்ற சொல் வருகிறது. எழுதிக்கொடுக்கச் சொல்லலாம் என்றால் ஷமீலுக்கு மலையாளம்தான் எழுத வரும். தவிர, அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த தமிழில் நானே எழுதுகிறேன்.

முதலில் அடுப்பைச் சொல்ல வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் விருந்தினர் விடுதி நடத்திய ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது அது. முட்டை வடிவத்தில், கனத்த பீங்கானில் செய்த கரி அடுப்பு. நான்கு சுமட்டுக்காரர்கள் மூச்சு வாங்கி இறக்கினார்கள். கீழே காற்று வாங்க ஒரு சிறு கதவு, மேலே புகை போக ஒரு வட்டத் தகடு, மூடியில் கடிகாரம் மாதிரி ஒரு வெப்பமானி. இந்த இரண்டு வழிகளையும் நகக்கண் அளவு திறந்து, நகக்கண் அளவு மூடி, பத்து மணி நேரம் ஒரே சூட்டில் வைத்திருக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் அது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அடுப்போடு ஒரு புத்தகமும் வந்தது. ஏழு அத்தியாயம். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்தேன். ஆறு அத்தியாயத்தையும் செய்து பார்த்துவிட்டேன். ஏழாவது, குளிர்காலத்தில் சூட்டைக் காப்பது எப்படி என்பது. கொச்சியில் அதற்கு வழியில்லையே என்று மனம் ஆறாமல் இருந்தேன். அப்போதுதான் ஆடி பிறந்து மழை பிடித்தது. காற்று அடித்தது. முற்றத்தில் இருபத்து நான்கு டிகிரி. குளிர் என்றால் எத்தனை டிகிரி என்று புத்தகத்தில் எங்கும் சொல்லவில்லை. நான் இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

இனி சம்பந்தி. ஃபிதாவின் நிக்காஹ் விருந்தில் அவர் பல்லிடுக்கிலிருந்து ஒரு கறி நாரை இழுத்தெடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டு, நாற்பது பேர் இருந்த பந்தியில், “ஆடு நல்லோணம் நடந்த ஆடுன்னு தோணுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருமகன் அக்மலும் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அன்று இறங்கிய சோறு இன்றுவரை செரிக்கவில்லை.

அந்தச் சம்பந்தி வீட்டார் ஏழு பேர், முதல் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் ஃபிதாவைப் பார்க்க, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பலகாரத்தோடு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது நாள் முன்னால் வந்தது நான் இல்லை.

காலை ஆறு மணிக்குத் தீ மூட்டினேன். ஏழாம் அத்தியாயத்தை வரிக்கு வரி பின்பற்றினேன். கம்பளித் தொப்பி அணியவும் என்று இருந்தது. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டேன். தடித்த கையுறை அணியவும், அணிந்தேன். அடுப்பைச் சுற்றியுள்ள பனியை அகற்றவும். பனி இல்லாததால் பாசியை அகற்றினேன். ஜலீலா ஜன்னல் வழியே பார்த்து, “வேர்த்து வழியுது, அந்தக் குல்லாயைக் கழட்டுங்க, ஆளுங்க பார்த்தா என்ன நினைப்பாங்க” என்றாள். குல்லாயைக் காதுக்குக் கீழே இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். வலது கையுறை கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது.

குளிர் காலத்தில் பெரிய எதிரி குளிர் அல்ல, காற்று என்கிறது புத்தகம். காற்று கீழ்க்கதவில் புகுந்தால் கரி கொழுந்துவிட்டு எரியும், சூடு கை மீறிப் போகும். ஆகவே காற்று வரும் திசையில் உறுதியான ஒரு மறைப்பு வேண்டும். எங்கள் முற்றத்துக்குக் காற்று வரும் வழி ஒன்றுதான், வாசல் கேட். கேட்டைத் திறந்து, மிளகு மூட்டை ஏற்றும் ஆம்னி வேனை வெளியே எடுத்து, சந்தில் கேட்டை அடைத்தபடி ஒட்டி நிறுத்தினேன். மதிலுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தேன். மறைப்பு அசையக் கூடாது என்று போட்டிருந்தது.

ஏழு மணிக்கு ஆட்டுத் தொடையை வைத்து மூடினேன். ஏழே காலுக்கு நூற்றுப்பத்து டிகிரி. ஒவ்வொரு கால் மணிக்கும் நோட்டில் குறித்தேன். அந்த நோட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூடியை ஒருமுறை திறந்தால் கால் மணி நேரச் சூடு போய்விடும், குளிரில் இன்னும் அதிகம். பத்து மணி நேரமும் நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பதினொன்றரைக்கு ஜலீலா பின்வாசலில் வந்து நின்றாள். “மோளுக்கு வேதனை தொடங்கியாச்சு. வண்டியை எடுங்க” என்றாள்.

பொய் வலியாக இருக்கும் என்று சொன்னேன். முதல் பிள்ளைக்கு அது சகஜம். ஃபிதா பிறந்தபோதும் இரண்டு முறை ஆஸ்பத்திரி போய்த் திரும்பி வந்தோம். அதை நினைவுபடுத்தினேன்.

“பனிக்குடம் உடைஞ்சாச்சு” என்றாள். “சாவி எங்கே?”

சாவியைக் காணவில்லை என்று சொன்னேன்.

சாவியைத் தேடினோம். நாற்பது நிமிஷம். அலமாரி, மீன் சட்டி அடுக்கு, சட்டைப் பைகள், தொழுகை முசல்லாவின் மடிப்பு வரை தேடினோம். நானும் தேடினேன். நான் சும்மா நின்றேன் என்று புகாரில் இருப்பது அநியாயம். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தது நான்தான். கட்டிலின் மேல் ஃபிதா இருந்தாள். என் குல்லாயைப் பிடித்துக்கொண்டு, “அத்தா, எனக்குப் பேடியா இருக்கு” என்றாள். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாவற்றுக்கும் அதன் நேரம் உண்டு என்று சொன்னேன். பிறகு கால் மணி ஆகிவிட்டதால் முற்றத்துக்குப் போனேன். நூற்றுப்பத்து.

ஷமீல் மதிலோரம் எம்பிப் பார்த்து, சந்து வழியாக வந்த ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தினான். ஆட்டோ வெளியே, பெண் உள்ளே, நடுவில் வேன். மதில் ஆளுயரம், மேலே கண்ணாடிச் சில்லு. “அத்தா, செங்கல்லை எடுத்துட்டு ந்யூட்ரல்ல தள்ளிடலாம்” என்றான். சந்து சரிவானது, மழையில் வழுக்கும், வேன் உருண்டு ஆட்டோவையே நசுக்கும் என்று சொன்னேன். சொன்னது உண்மைதானே. ஆட்டோக்காரரும் அதை ஒப்புக்கொண்டார்.

அப்போது அவனுக்கே ஒரு யோசனை வந்தது. வேனின் பக்கக் கதவுகள் இரண்டும் பூட்டாது, பூட்டு கெட்டு மூன்று வருஷம் ஆகிறது. முற்றத்துப் பக்கக் கதவில் ஏறி, சந்துப் பக்கக் கதவில் இறங்கினால் ஆட்டோ. நல்ல யோசனை என்று நானே சொன்னேன். மறைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபிதாவை அவனும் ஜலீலாவும் தாங்கி ஏற்றினார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள். பிறகு அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்த வீட்டு அம்மிணி சேச்சி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுத் தமிழ்க்காரர். ஷமீல் கத்தியதைக் கேட்டுச் சந்துப் பக்கமாக ஓடி வந்து வேனுக்குள் ஏறினார். ஏறியதும், “இனி இவளை எங்கேயும் கொண்டுபோக முடியாது. இங்கேதான்” என்றார். ஜலீலா அழத் தொடங்கினாள். ஷமீல் ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். நான் கீழ்க்கதவை நகக்கண் அளவு மூடினேன்.

உதவி கேட்டபோதெல்லாம் செய்தேன். சாரல் உள்ளே அடிக்கிறது, குடை கொடு என்றார்கள். பெரிய குடை அடுப்பின் மேல்தகட்டுக்குப் பிடித்திருந்தது. சின்னக் குடையைக் கொடுத்தேன். வெந்நீர் கேட்டார்கள்; சமையலறையில் இருக்கிறது என்று வழி சொன்னேன். ஃபிதாவுக்கு உடம்பு நடுங்கியது. அம்மிணி சேச்சி கதவு வழியே தலையை நீட்டி, “சலாவுதீன், ஆத்துல தெர்மாமீட்டர் உண்டோ?” என்று கேட்டார்.

ஒன்று இருந்தது. அது கறிக்குள் செருகியிருந்தது. எடுக்க வேண்டுமானால் மூடியைத் திறக்க வேண்டும்.

இல்லை என்று சொன்னேன்.

ஒரு மணி நாற்பதுக்குக் குழந்தை அழுதது. பெண் குழந்தை. எனக்கும் அழுகை வந்தது; உண்மையாகவே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைத் திருப்புவதற்குள் முள் நூற்றுப்பன்னிரண்டுக்குப் போயிருந்தது. அந்த நாள் முழுவதும் அது நகர்ந்தது அந்த ஒரு தடவைதான். வேன் கதகதப்பாக இருந்ததால்தான் பச்சைப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அம்மிணி சேச்சியே சொன்னார். வேன் ஏன் கதகதப்பாக இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்றடி தள்ளி என் அடுப்பு இருந்தது.

ஆம்புலன்ஸ் சந்து முனையில் நின்றது. தாயையும் பிள்ளையையும் சந்துப் பக்கமாக இறக்கிக்கொண்டு போனார்கள். ஜலீலா, ஷமீல், அம்மிணி சேச்சி எல்லோரும் போனார்கள். நானும் வருகிறேனா என்று ஷமீல் கேட்டான். ஐந்து மணிக்கு என்று சொன்னேன்.

சரியாக ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தேன். எலும்பைத் தொட்டதும் கழன்று கையோடு வந்தது. ஒரு நார் இல்லை. ஏழு தட்டு வைத்துக் காத்திருந்தேன். சம்பந்தி வீட்டார் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் போனேன். இரவல் வாங்கிய சைக்கிளில் போனேன், வேனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பாத்திரத்தை ஜன்னலோரம் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. வாழ்நாளெல்லாம் கண்ட மூடியைத் திறக்கிற என் குடும்பத்தில் ஒருவர்கூட அந்த மூடியைத் திறக்கவில்லை.

ஃபிதா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “அத்தா, சாவி எவிடே இருந்துச்சு?” கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். அவசரத்தில் கையுறையைக் கழற்றாமல் வந்திருந்தேன்.

நாற்பது நாள் தாய்வீட்டில் இருக்க வேண்டிய பச்சை உடம்புக்காரி, இப்போது தேவராவில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். துணைக்கு ஜலீலாவும் போய்விட்டாள். பெற்ற வீட்டுக்கு இதைவிட வேறு தலைகுனிவு இல்லை என்று நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும். ஷமீல் அம்மிணி சேச்சி வீட்டுத் திண்ணையில் படுக்கிறான். பேத்தியின் முகத்தை நான் இதுவரை பார்த்தது ஒரு துண்டுக்குள், இரண்டு நொடி. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிடுகிறேன். சாவி தொலையவில்லை. காலையில் வேனை நிறுத்தியதுமே, ஜலீலா மீன் வாங்கத் தோப்பும்படிக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுவாளோ என்று, அதை வலது கையுறைக்குள் கட்டைவிரல் பக்கம் போட்டுக்கொண்டேன். தேடிய நாற்பது நிமிஷமும் அது அங்கேதான் இருந்தது. என் மகள் என்னைப் பிடித்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்று சொன்னபோதும் அங்கேதான் இருந்தது. நான் மறக்கவில்லை. குத்திக்கொண்டே இருந்தது.

என் தரப்பில் குற்றம் என்று சொன்னால் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறந்த நேரம் ‘வழியில்’ என்று மட்டும் இருக்கிறதாம். சரியான நேரம் என் நோட்டில் இருக்கிறது, வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கறி எப்படி வந்தது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நாளை மறுநாள் திங்கட்கிழமை ஏழாம் நாள். பிள்ளைக்கு முடி இறக்கி, பெயரிட்டு, அகீகா கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு ஓர் ஆடு. அது தாய்வீட்டில் நடப்பதுதான் முறை என்று சம்பந்தியிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டை நானே பொறுப்பேற்றுச் சமைத்துத் தருகிறேன். கரி காயவைத்துவிட்டேன். காற்று இன்னும் விடவில்லை, அதனால் வேனை அங்கேயே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சலாவுதீன்