தம்பியின் உயரம்

பந்து மட்டை ஆட்டத்துக்கு உயரம் வேண்டும் என்பது பாதிதான் உண்மை. பஞ்சாயத்தில் கூடியிருக்கும் நீங்கள் யாரும் ஆடிப் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். நடுவில் இடுப்பளவு உயரத்தில் கயிறு கட்டியிருக்கும். ஆட்டு நரம்பு பின்னிய மட்டையால் பந்தை அதற்கு மேலே அடித்து அனுப்ப வேண்டும். நெட்டையனுக்குக் கை எட்டும், மேலிருந்து ஓங்கி அடிப்பான். ஆனால் தரையோடு வரும் பந்துக்கு அவன் குனிவதற்குள் என்னைப் போன்ற குள்ளன் எடுத்துவிடுவான். ஏரியில் குனிந்தபடியே இறால் தடவிப் பிடித்த உடம்பு இது.

வலை பின்னுகிற கை என்பதால்தான் இந்தத் தேசப்பனை ஒல்லாந்தர் கோட்டைக்கு அழைத்தார்கள். மட்டைக்கு நரம்பு கட்டுவது வேலை. கோட்டைத் துரையோடு ஆடும் சிப்பாய்கள் காய்ச்சலில் படுத்ததும், துரை என்னை எதிரே நிறுத்தினார். தினம் இரண்டு படி அரிசி கொடுத்தார்கள். மழை பொய்த்த மூன்றாம் வருஷம் அது. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தங்களையே விற்றுக்கொண்டு பட்டாவியாவுக்கு அடிமைகளைக் கொண்டுபோகும் கப்பலில் ஏறியதை நீங்களும் பார்த்தீர்கள். துரைக்கு நான் சலித்துப்போனால் என்னையும் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒவ்வொரு பந்தையும் அந்தப் பயத்தோடுதான் அடித்தேன்.

என் தம்பி பூபதி என்னைவிட ஒரு முழம் உயரம். ஒரு நாள் எனக்குக் கூழ் கொண்டுவந்தான். துரை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார். ஆட்டமே தெரியாதவன், முதல் பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பினான். துரை வாய்விட்டுச் சிரித்தார். என்னிடம் அவர் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி ராஜவேலு என்னிடம் வந்தார்.

"தேசப்பா, எட்டு நாள் உன் தம்பிக்கு ஆட்டம் பழக்கணுமாம். அப்பால நீங்க ரெண்டு பேரும் ஆடணும். ஜெயிக்கிறவன் தொரகிட்ட இருப்பான்."

"தோக்குறவன்?"

"அது எனக்கு இன்னா தெரியும்?"

வீட்டுக்கு வரும் வழியில் கடலில் நின்ற கப்பலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பூபதி அதைக் கவனித்துவிட்டான்.

"இன்னாத்துக்குண்ணா பயப்படுற? யார் ஜெயிச்சா இன்னா, நமக்கு ஒரே உலைதானே?" என்றான்.

அவன் நல்லவன். நல்லவர்களுக்குப் பயம் பிடிபடுவதில்லை. கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் நெட்டையாக, வாட்டசாட்டமாக இருப்பவனைத்தான் முதலில் கேட்பார்கள். நொண்டியை யாரும் ஏற்றமாட்டார்கள். கஸ்தூரி, உன் புருஷன் பூபதியைப் பற்றி அன்று நான் யோசித்தது இவ்வளவுதான்.

எட்டு நாளும் ஒழுங்காகப் பழக்கினேன். ஒரு குறையை மட்டும் திருத்தவில்லை. நம் ஏரியில் யாரும் காலைத் தூக்கி வைத்து நடப்பதில்லை. சேற்றுக்குள் திருக்கை மீன் படுத்திருக்கும். அதை மிதித்தால் வாலிலுள்ள விஷ முள்ளால் அடித்துவிடும் என்று பாதத்தைத் தரையோடு தேய்த்தே நகர்வோம், அதுவும் விலகிப் போகும். பூபதி செங்கல் தரையிலும் அப்படித்தான் ஓடினான். காலைத் தூக்கி ஓட எனக்கே ஒரு மாதம் பிடித்தது. அதை அவனுக்கு நான் சொல்லவில்லை.

ஆட்டக்களத்தைக் கூட்டுவதும் என் வேலைதான். ஆட்டத்தன்று காலை கூட்டி முடித்ததும், கயிற்றுக்கு அந்தப் பக்கம், பூபதி நிற்கப்போகும் இடத்தில், இரண்டு செங்கல்லின் இடுக்கில் ஒரு திருக்கை முள்ளைச் சொருகினேன். மேலே கொஞ்சம் மணல் தூவினேன். திருக்கை வாலை நான் அறுத்ததை முனியம்மா பார்த்ததாக இங்கே சாட்சி சொல்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை.

ஆட்டத்தில் பூபதிதான் முன்னால் இருந்தான். எட்டே நாளில் அப்படி ஆடினான். நான் கயிற்றை ஒட்டி மெதுவாக ஒரு பந்தை இறக்கினேன். அவன் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தான். முள் ஏறியது. உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணா, பாத்து நில்லு. உன் பக்கமும் கெடக்கப் போவுது" என்றான்.

அந்த முள்ளுக்கு இரண்டு ஓரமும் ரம்பப் பல். நான்தான் பிடுங்கினேன். சதையும் சேர்ந்து வந்தது. முழங்கால்வரை வீங்கிக் கறுத்து, ஒன்பதாம் நாள் அவன் போனதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நொண்டினால் போதும் என்றுதான் இருந்தேன். முன்பின் தெரியாத தேசத்தில் அடிமையாகக் கிடக்காமல் நம் மண்ணில் போய்ச் சேர்ந்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். துரை இப்போதும் என்னோடுதான் ஆடுகிறார்.

கப்பல் என்றைக்குப் புறப்பட்டது என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியசாமி கேட்கிறார். ஆட்டத்துக்கு முந்தின நாள். அடுத்தது தை மாதத்துக்கு மேல்தான் வரும் என்று துபாஷி சொன்னார். அது பாய் விரித்துப் போனதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துதான் திருக்கை வாலை அறுத்தேன்.