ஐஸ்கட்டி வைத்துக் கேட்பவள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளியின் சின்ன அத்தைக்கு நடந்தது. அவர் மயக்க மருந்து டாக்டர். பேய் என்றால் சிரிக்கிற ரகம்.

ராத்திரி இரண்டரை மணி. ஊருக்கு வெளியே ஏரிக்கரை ரோடு... ஆள் இல்லை, விளக்கு இல்லை. அத்தை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனார். பயம் இல்லை, கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணியிருந்தாள். மின்னல் வலியில் கத்துகிறாராம்.

மின்னல் என்பது அங்கே பெரிய ஆபரேஷன் டாக்டருக்குப் பட்டப்பெயர். கை அவ்வளவு வேகம், வாய் அதைவிட வேகம். முந்தின நாள் காலைதான் அவருக்கே பித்தப்பையை எடுத்திருந்தார்கள்.

அத்தைக்கு ஏன் கோபம்? போன மழைக்காலத்தில் ஒரு தையல்கார அம்மா பித்தப்பைக் கல்லோடு வந்தாள். இந்த ஆபரேஷனுக்கென்றே அத்தை ஒரு முறையைப் பழகி வைத்திருந்தார். தூங்க வைப்பதற்கு முன்பே விலா ஓரத்தில் ஊசி போட்டு நரம்பை மரக்க வைப்பது. கூட இன்னொரு மருந்தும் சேர்த்தால் விடியும்வரை வலி தெரியாது. ஆனால் மரத்ததா என்று ஐஸ்கட்டி வைத்துக் கேட்க வேண்டும். குளிர் தெரிந்தால் வலியும் தெரியும்.

அத்தை ஐஸ் வைத்தார். "குளிருதாம்மா?"

"குளிருதுங்க."

இன்னொரு ஊசி போட்டுப் பத்து நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். மின்னல் கடிகாரத்தைப் பார்த்தார். "வயித்துல நாலு பொட்டு ஓட்டை. இதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? தூங்க வைங்க."

அத்தை வாயைத் திறக்கவில்லை. தூங்க வைத்தார்.

அன்று ராத்திரி முழுக்க அந்த அம்மா துடித்தாள். நர்ஸ் மின்னலுக்குப் போன் பண்ணினால், எல்லாம் நடிப்பு, ஒரு மாத்திரையைக் கொடு என்றாராம். எனக்கு இந்த இடம் வந்தாலே வயிறு எரியும். வலி அவளுக்கு, அளந்து சொல்வது இவரா? மூச்சை இழுத்துவிட முடியவில்லை, இரும முடியவில்லை. நெஞ்சில் சளி கட்டி... அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

அப்படிப்பட்ட மின்னலுக்கு அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. ஊசி போட்டு, பொறுத்திருந்து, ஐஸ் வைத்துக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று அவரே சொன்னார். பிறகு ஏன் இந்தக் கத்தல்?

அத்தை நுழைந்ததும் வார்டில் டெட்டால் வாடை. அதோடு இன்னொன்று... தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் வாடை.

அத்தை ஊசி முனையால் அவர் விலா ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக மரத்துத்தான் இருந்தது. ஆனால் தோல் ஈரம். கட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்...

ஐஸ் வைத்தது யார் என்று நர்ஸிடம் எரிந்து விழுந்தார். சாயங்காலமே பிரிட்ஜ் பழுதாகிவிட்டது, வார்டில் ஒரு துண்டு ஐஸ் கிடையாது என்றாள் அவள்.

மின்னல் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "குளிருதான்னு கேக்குறா... குளிருதுன்னு சொல்றேன். போயிடுறா. திரும்ப வந்து கேக்குறா."

கொடுக்கக்கூடிய மருந்தையெல்லாம் அத்தை கொடுத்துப் பார்த்தார். விடியும்வரை வலி எதற்கும் அடங்கவில்லை. விடிந்ததும் வலி தானாக நின்றது. மின்னல் அதன்பிறகு கத்தியைத் தொடவே இல்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் அத்தைக்கு வயிற்று வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கல். ஆபரேஷனுக்கு மட்டும் ஒப்பவே மாட்டேன் என்கிறார். கூட்டாளி போய்க் கெஞ்சியிருக்கிறான்.

"நான் அன்னைக்கு வாயைத் திறந்திருக்கணும்டா" என்றாராம். பேசும்போதெல்லாம் வலது விலாவைக் கையால் பொத்தியே வைத்திருந்தார். தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தபோதுதான் அவன் பார்த்தான்...

துணியில், ஒரு ஐஸ்கட்டி அளவுக்கு ஈரம்.