இரண்டு ஸ்லாட்டும் காலி

லேப்டாப்பில் மெமரி மாற்ற எனக்கு ஒன்பது நிமிடம் போதும், மேடம். ரூத் குளித்துவிட்டு வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்தத் திங்கட்கிழமை காலை, தண்ணீர் விழும் சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டே ஆறாவது ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்க்ரூகூடக் கீழே விழவில்லை. தொழில் பழக்கம்.

செங்கல்பட்டில் எனக்கு லேப்டாப் சர்வீஸ் கடை. வருகிறவர்கள் எல்லோரும் மெமரியைக் கூட்டித் தரத்தான் கேட்பார்கள். குறைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. மெஷின் சாகாது, திணறும். நாலு வேலையைச் சேர்த்துத் திறந்தால் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

என் மனைவிக்கு நாவலூர் கம்பெனியில் வேலை. ஊரப்பாக்கத்தில், எங்கள் மூன்றாவது மாடி வீட்டிலிருந்தே பார்த்துவந்தாள். ஜனவரியில் ஒருநாள், நாவலூருக்கே போய் ஹாஸ்டலில் தங்கப்போவதாகச் சொன்னாள். புருஷன் இருக்கும்போது ஹாஸ்டல் எதற்கு? நான் கை ஓங்கவில்லை. அவள் லேப்டாப்பில் பதினாறு ஜிபி மெமரியை நாலாக்கினேன், அவ்வளவுதான்.

மீட்டிங் நடுவே அவள் முகம் உறைந்து நிற்கும். அவளுடைய டீம் லீடர் ஹபீபா ஒருமுறை ஸ்பீக்கரில் சிரித்தாள். "இன்னா ரூத்து, வூட்டுக்காரரு லேப்டாப்பு டாக்டரு, உன் லேப்டாப்பு மட்டும் படுத்துகினே கீது?" நானும் சிரித்தேன்.

கம்பெனியில் மெஷினைச் சோதிக்கக் கேட்டார்கள். அனுப்புவதற்கு முன்பு பழைய மெமரியையே மாட்டிவிட்டேன். குறை ஏதுமில்லை என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது. மறுபடி கழற்றினேன். இப்படி மூன்று தடவை. மூன்றாவது சீட்டை ரூத் இரண்டு முறை படித்தாள்.

"மெஷினு நல்லாத்தான் கீதாம். எனக்குத்தான் மெமரி பூடுச்சா, ஸ்டான்லி?"

இருக்கலாம் என்றேன். தலைக்கு ஓய்வு வேண்டுமென்று அவள் போனைக் கடைக்கு எடுத்துப்போனேன். அப்படிப்பட்டவள் தனியே வெளியில் போகலாமா? கடைக்குக் கிளம்பும்போது வாசல் கிரில் கேட்டை வெளியே பூட்டினேன். அக்கம்பக்கத்தார் விவரம் கேட்டுப் பாவம் என்றார்கள். என்னைத்தான்.

அந்தத் திங்கள் பதினோரு மணிக்கு வீடியோவில் அவளுக்கு நாவலூர் ஆபீஸுக்கே போக மாற்றல் இண்டர்வியூ. தேர்வானால் அன்றே ஹபீபா கார் அனுப்பி அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதனால்தான் இரண்டு ஸ்லாட்டிலும் இருந்த மெமரியைக் கழற்றினேன். ஒன்றுகூட இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. பீப், பீப் என்று கத்தும், அவ்வளவே.

அப்போது கடையில் இருந்ததாக நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கேட்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிக் கடைக்குப் போவது?

அவள் பட்டனை அழுத்துவாள், அது கத்தும். நாற்பத்தொரு தடவை. பிறகு வந்து கேட்டை ஆட்டினாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"தொற, ஸ்டான்லி. யாராண்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தொற."

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் திரும்பிப் பால்கனிக்குப் போனாள். கீழே இறங்க இரண்டு புடவைகளை முடிச்சுப் போட்டுக் கம்பியில் கட்டுவது கேட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. முடிச்சு சரியில்லை என்பதும் தெரிந்தது.

அப்போதே திறந்திருந்தால் இன்றைக்கு அவள் உயிரோடு இருப்பாள் என்கிறீர்கள்.

இருப்பாள், மேடம். நாவலூரில்.