மூணாவது படுக்கை

— மெத்தைக்குக் கீழயா எஞ்சின்? யாத்தே, அடுப்பு மேல பாய விரிச்ச மாதிரில்ல இருக்கும்!

— அடியே தங்கப்பொண்ணு, பெரிய டீசல் வண்டி வாட்டமே அதுதான்டி. எஞ்சின் கடைசில கெடந்தா ஓடுறப்ப முன்னால அமைதியா இருக்கும். பின்னால படுத்தம்னா கடகடன்னு தாலாட்டும். எஞ்சின் சத்தம் இல்லாம எனக்கு எங்க தூக்கம் வருது?

— அதான் வீட்டுல படுத்தா நீயே எஞ்சினாட்டம் கத்துறியாக்கும்.

— ஏத்தா ரோகிணி, கேட்டியா உங்க பெரியம்மா பேச்ச?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் முத்திருளன் பெரியப்பா. எங்கப்பா நல்லகாமன் உங்க லாரிக்கு பாடி கட்டுன காலத்துலருந்து இந்த கப்பலூர் ஷெட்டுல எம்புட்டோ சண்ட பாத்தாச்சு. கேரவன் வாங்க வந்து புருசன் பொண்டாட்டி சண்ட போடுறது இதான் மொதத் தடவ. ரெண்டு வண்டியும் தயாரா நிக்குது. வெயிலு தகரத்த உருக்குறதுக்குள்ள பெருசா சின்னதான்னு சொல்லுங்க.

— பெருசுதான். இதுல என்ன பேச்சு? நின்னா தல இடிக்காது. கட்டிலு நீளவாக்குல கெடக்கு. டிரைவர் தலைக்கு மேல தனியா ஒரு படுக்க, நடுவுல தடுப்பு. காளை அவம்பாட்டுக்கு மேல ஏறிப் படுத்துக்குவான்.

— காளை எதுக்கு?

— எதுக்கா? வண்டி தானா ஓடுமா? சக்கர நோய் வந்து வலது கண்ணு புகையடிச்சுப் போச்சு. எதுத்தாப்புல வாரது லாரியா எருமையான்னு தெரியல. லைசென்ஸப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க. காளை எங்கிட்ட கிளீனரா இருந்த பய, இப்ப நல்ல டிரைவர். இன்னைக்கு ஓட்டிப் பாக்க வாடான்னு சொல்லிருந்தேன். ஆளக் காணோம்.

— முப்பது வருசமா நீ லாரி லைன்ல கெடந்த, நான் கொட்டாம்பட்டில அடுத்தவன் வயல்ல கெடந்தேன். நாசிக் வெங்காயம், நாக்பூர் ஆரஞ்சுன்னு நீ போன்ல ஊரு ஊராச் சொல்லுவ, நான் சேத்துக் கையோட கேட்டுக்கிட்டு நிப்பேன். லாரிய வித்து, ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்னு கெளம்புனா இப்பவும் நடுவுல காளையா? எனக்கு மூணாவது படுக்க வேணாம்.

— அப்ப டிரைவர் எங்கடி படுப்பான்? ரோட்டுலயா? லாரிக்கு அடியில தார்ப்பாய விரிச்சுப் படுத்தவன் நானு. இன்னொருத்தன அப்பிடிப் படுக்க விடமாட்டேன்.

— விட வேணாம். சின்ன வண்டிய எடு.

— சின்னதுல ரெண்டு பேருதான்டி படுக்க முடியும்!

— அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— ரோகிணி, நீ சொல்லுத்தா. இவளுக்கு நான் சொன்னா ஏறாது.

— வேணும்னா வித்தியாசத்த மட்டும் சொல்றேன் பெரியப்பா, என்னைய எதுலயும் இழுக்காதீங்க. பெருசு பஸ் சேஸிஸ். சமையல் மேட உள்ள, நடுவுல. ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேணும். சின்னது வேன் சேஸிஸ், எஞ்சின் முன்னால. பின் கதவத் தொறந்து மேடைய வெளிய இழுத்துக்கலாம். மரத்தடில நின்னு சமைக்கலாம். அதுக்கு கார் லைசென்ஸே போதும்.

— காளைகிட்ட ரெண்டும் இருக்கு. சமையல் உள்ள இருக்குறதுதான் லட்சணம். மழ வந்தா என்னடி பண்ணுவ?

— சைடுல துணிப் பந்தலு சுருட்டி வச்சிருக்காங்கல்ல, இழுத்து விட்டாப் போச்சு. நீ கருவாட்டுக் கொழம்பு கேப்ப. அத உள்ள கொதிக்க வச்சா நாக்பூரு தாண்டியும் மெத்த நாறும்.

— கருவாட்ட ஏன்டி வம்புக்கு இழுக்குற? சரி, கக்கூஸுக்கு வா. பெருசுல ரூமாட்டம் இருக்கு. சின்னதுல தகரப் பொட்டி கணக்கா இருக்கு.

— கதவச் சாத்தி உக்காந்து பாத்துட்டேன். முட்டி இடிக்கல.

— எப்பப் போன?

— நீ டயரு டயராத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சியே, அப்ப. எனக்கு ரூமெல்லாம் வேணாம்யா. நடவு நாள்ல ஒதுங்க ஒரு பொதரு இருக்காது. காலைல வயல்ல எறங்குனா பொழுது சாய்ற வரைக்கும் அடக்கிக்கிட்டே நாத்து நட்டவ நானு. நெனச்ச எடத்துல கதவச் சாத்திக்க முடியுதுன்னா எனக்கு அது அரமண. ஒருக்கா உன் லாரில ஓசூரு வரைக்கும் வந்தேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. சொட்டுத் தண்ணி குடிக்காம வந்த.

— ஏன்னு கேட்டியா?

— கேக்கல... வெயிலு ஒத்துக்கலன்னு நெனச்சேன்.

— நெனச்ச, நெனச்ச. கொளுத்துற வெயில்ல தாகம் எடுக்காதவளக் கட்டுன பெரும உனக்கு.

— சரிடி, கக்கூஸுல சின்னது ஜெயிச்சுருச்சு. போதுமா? ஆனா ரோட்டுல பெருசு தேர் கணக்கா போகும்.

— நேர் ரோட்டுல போகும். வளைவுல? பின் டயருக்கு அங்கிட்டு எம்புட்டு நீளம் தொங்குது பாரு. முன்னால இங்கிட்டு ஒடிச்சா வாலு அங்கிட்டு வீசும். சந்துல திருப்புனா நிக்குற சைக்கிள் பூராம் சாஞ்சு கெடக்கும்.

— வாலு வீசும்னு உனக்கு யாருடி சொன்னது?

— டிரைவரக் கட்டிக்கிட்டு இம்புட்டு வருசமா கொறட்டைய மட்டுமா கேட்டேன்? நீ தூக்கத்துலயே ரிவர்ஸ் எடுக்குற ஆளு.

— ரோகிணி சிரிக்காதத்தா. இவ இன்னைக்கு ஒரு தினுசாத்தான் பேசுறா. அந்தக் காளை பய இன்னும் வரலயே, மணி என்னாச்சு?

— வந்தா மட்டும்? உன்னைய அண்ணே அண்ணேன்னு கூப்புட்ட பய ஓட்டுவான், நீ பக்கத்துல பொம்மையாட்டம் உக்காந்திருப்ப. உனக்கு ஒறைக்காது?

— ஒறைக்காது. அது லைன் சட்டம்டி. ஸ்டீரிங்கப் புடிச்சவன்தான் அண்ணே. எங்கிட்ட இருந்த மொத கிளீனருக்கு எங்கப்பன் வயசு. அந்தாளே என்னைய அண்ணேன்னுதான் கூப்புடுவாரு. இன்னைக்குக் காளை ஓட்டுனா, நான் அவன அண்ணேம்பேன்.

— நீயி? கூப்புடுவ?

— கூப்புடுவேன். சட்டம்னா சட்டந்தான்.

— ரோகிணி, நீ சாட்சி.

— ஆகட்டும் பெரியம்மா, நல்லாக் கேட்டுக்கிட்டேன்.

— என்னமோ ரெண்டு பேரும் கண்ணக் கண்ணக் காட்டுறீங்க. இருக்கட்டும். படுக்கைக்கு வா, அதுல நீ தோத்த. சின்னதுல கட்டிலு குறுக்க கெடக்கு. என் ஒசரத்துக்கு காலு சுவத்துல முட்டும். அம்புட்டு வருசமும் லாரி கேபினுக்குள்ள நண்டாட்டம் மடங்கிக் கெடந்தவன்டி நானு. எனக்கு இருக்குறது ஒரே ஆச. கால நீட்டிப் படுக்கணும்.

— படுத்துப் பாரு.

— பாக்காமலே தெரியும்.

— படுய்யா.

— படுத்துக் காட்டுனா பெருசுக்கு ஒத்துக்குவியா? இந்தா, செருப்பக் கழட்டியாச்சு. ஒரு பேச்சுக்குத்தான் படுக்குறேன்... ஏய்! காலு போகுது! இன்னும் போகுது! சுவத்த எங்கடி காணோம்?

— கால்மாட்டுல பாடிய வெளிய தள்ளிக் கட்டிருக்கோம் பெரியப்பா. ரோட்டுலருந்து பாத்தா வண்டி வாய்க்குள்ள பணியாரத்த அடக்குன மாதிரி ஒரு பக்கம் உப்பித் தெரியும். பெரியம்மா போன மாசம் வந்து, கயித்துல முடிச்சுப் போட்டு உங்க ஒசரத்தக் குடுத்துட்டுப் போனாங்க.

— கயித்துலயா? என்னைய எப்படி அளந்த?

— நீ தூங்குறப்பதான்.

— அடிப்பாவி, பொணத்த அளக்குற மாதிரியா!

— பொணமாச்சும் அசையாமக் கெடக்கும். நீ நடுவுல பொரண்டு படுத்துட்ட, ரெண்டு தடவ அளந்தேன். நல்லாருக்கா?

— ...எந்திரிக்கவே மனசு வரலடி.

— அப்பிடின்னா சின்னதுதான்.

— முடிவு பண்ணிட்டுத்தான் என்னையக் கூட்டியாந்துருக்க. சரி, சின்னதுதான். காளை எங்கயாச்சும் லாட்ஜப் பாத்துப் படுத்துக்கட்டும். எங்க, முன்னால ஏறிப் பாக்குறேன்... ஏத்தா ரோகிணி, எந்தக் குள்ளனுக்கு இந்த சீட்டப் போட்டீங்க? முட்டி ஸ்டீரிங்குல இடிக்குது. அடியில மெத்த வேற. தல கூரையில முட்டுது, கண்ணாடியில என் நெஞ்சுதான் தெரியுது!

— ஓட்டுறவங்க அளவுக்குத்தான் பெரியப்பா வச்சிருக்கோம்.

— காளை பன மரமாட்டம் வளந்தவன். இதுல உக்காந்தா மடிச்ச குடையாட்டம்ல இருப்பான்!

— பெரியம்மா, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. கேட்டையும் தொறந்தாச்சு. ரிங் ரோடு வரைக்கும் போயிட்டு வந்துருங்க.

— இருத்தா, காளை வராம எலுமிச்சய எவன் நசுக்குறது?

— காளை வரமாட்டான்யா. நான்தான் வேணாம்னுட்டேன்.

— என்னத்தடி பண்ணி வச்சிருக்க? கழுத, டிரைவர் இல்லாத வண்டியில கால நீட்டிப் படுத்து என்ன ஆகப்போகுது? இந்த ஷெட்டுக்குள்ளயே நாக்பூரக் காட்டவா? உன்னையக் கூட்டிப் போறேன் கூட்டிப் போறேன்னு சொல்லிச் சொல்லியே நாள ஓட்டிட்டேன். போகலாம்னு நிக்குறப்ப கண்ணு போச்சு. ஒரு ஆளப் புடிச்சா அவனையும் வெரட்டி விட்டுட்டியே!

— பொலம்பாம எந்திரிய்யா. அது என் சீட்டு.

— என்னது?

— கோச்சடைக்கு, மக வீட்டுல பேரனப் பாத்துக்கப் போறேன்னு தெனமும் பஸ் ஏறுனேன்ல. பேரன் பள்ளிக்கூடம் போனதும் நானும் போயிருவேன், பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூலுக்கு. இந்தா லைசென்ஸு. உன் நல்ல கண்ணு பக்கமா வச்சுப் படி.

— தங்கப்பொண்ணு... நெசமாவா? போட்டோவுல யாரையோ அடிக்கப் போற மாதிரி மொறைக்குற.

— மொத நாளு கிளட்ச விட்டதும் வண்டி குதிச்ச குதில சொல்லிக் குடுக்குற பையன் சாமியக் கும்புட்டான். நீ நம்ம வீட்டுக்கு வண்டிய கொண்டாந்து நிறுத்துவியே, அத நெனச்சுக்கிட்டேன். கையி தானா வந்துருச்சு.

— எங்கிட்ட ஏன்டி சொல்லல?

— சொல்லிருந்தா நீயே கத்துக் குடுக்குறேன்னு வந்து நிப்ப. ஒரு கியர் தப்பாப் போட்டா எங்கப்பன இழுப்ப. அந்த வம்பே வேணாம்னு காசு குடுத்துப் படிச்சேன்.

— பெரியப்பா, கண்ணத் தொடச்சது போதும், எறங்குங்க. வெயிலு ஏறுது.

— புகைத்தா, புகை. டீசல் புகை.

— இன்னும் வண்டியவே ஸ்டார்ட் பண்ணல பெரியப்பா.

— அவர விடுத்தா. யோவ், இடது கண்ணு நல்லாத்தான இருக்கு? அந்தப் பக்கம் ஏறி உக்காரு. இடது பக்கம் பாத்துச் சொல்றதுதான கிளீனர் வேல? எனக்கு அந்தப் பக்கந்தான் இன்னும் சரியாப் புடிபடல. நீ சொன்னாத்தான் எடுப்பேன். நாசிக்குக்கும் அப்பிடித்தான், நாக்பூருக்கும் அப்பிடித்தான். என்ன, பாத்துட்டியா? சத்தமாச் சொல்லு.

— ஆளு இல்ல, மாடு இல்ல, இடது பக்கம் பூராம் ஃப்ரீ... போலாம் ரைட், அண்ணே!