தலைக்கு ஒரு சொல்

"படுங்கோ! தலையை நிமித்தாதேங்கோ!"

அப்பா கத்துகிறார். இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். முள்ளிவாய்க்கால். இன்னும் விடியவில்லை. முதலில் ஷெல்லின் கூவல். பிறகு அடி. பிறகு நாங்கள் பதுங்கிக் கிடந்த பங்கருக்கு மேல் மண் கொட்டும் சத்தம். அதுவும் நிற்கிறது. அப்பா இருட்டில் தலைகளைத் தொட்டு எண்ணுகிறார். அம்மா, அண்ணா, நான், தங்கை வதனி. தன்னோடு ஐந்து. சரி.

"ஓடுங்கோ! ஓடுங்கோ!"

ஓடினோம். நீரேரியில் கழுத்தளவு தண்ணீர். அக்கரையில் வெளிச்சம் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வதனி இல்லை. வதனியின் உயரம்தான். யாருடைய பிள்ளையோ. எங்கள் பங்கருக்குள் எப்போது புகுந்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. இருட்டில் வதனி என்று அப்பா தொட்டது அவள் தலையைத்தான். அப்பா திரும்பி ஓடப் பார்த்தார். கரையில் நின்ற ஆமி விடவில்லை.

இப்போது கனடா, மொன்றியல். லாசாலில் வீடு. எனக்கு ஒரு யூத முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை. அவர்களுடைய காலைச் செபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒரு கிழவர் விரல் நீட்டி எண்ணுவார். எபிரேயத்தில் ஒன்று, இரண்டு என்கிறார் என்றே நினைத்திருந்தேன். கேட்டேன். சிரித்தார். மனிதரை இலக்கத்தால் எண்ணக்கூடாதாம். வேதத்தில் பத்துச் சொல்லுள்ள ஒரு வரியால் எண்ணுவார்களாம். தலைக்கு ஒரு சொல். உன் மக்களைக் காப்பாற்று, அவர்களைத் தூக்கிக்கொண்டு போ என்று அந்த வரி கடவுளைக் கேட்கிறதாம்.

எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் பட்ட பாடு தெரியாதவளா நான்? தெரிந்தும் எரிந்தது. எண்ணும்போதே காப்பாற்றச் சொல்லும் சொற்கள் அவர்களிடம் இருக்கின்றன. அப்பாவிடம் வெறும் ஐந்துதான் இருந்தது.

அடுத்த நாள் ஒரு சொல் மிஞ்சியது. "மூன்றாம் மாடிக்காரர் இல்லை. வரட்டும்" என்றார் கிழவர். ஒருவரும் தொடங்கவில்லை. கோப்பி ஆறியது. அரை மணி நேரம். பாதிச் சவரத்தோடு அவரைத் தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தார்கள். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர்கள் காத்திருந்தார்களே என்ற பொறாமைதான்.

அன்று கரையேறியபின், முகாமில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்பாவின் வாயில் ஐந்து என்றே வந்தது. அந்தப் பிள்ளையும் வரிசையில் நின்றாள். மூன்றாம் நாள் அவளுடைய சித்தி தேடி வந்து கூட்டிப்போனாள். எங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை.

விட்டு வந்தவை ஒரு வீடு, ஒரு தையல் மெஷின், இரண்டு சைக்கிள். புறப்பட்டவர்கள் ஐந்து பேர். கரையேறியவர்கள் ஐந்து பேர். இழந்தது வதனியை. வயது பதினொன்று.