சோலிக்குப் போட்ட சட்டை

மார்கழி முதல் வெள்ளி, வில்பட்டிக்குப் போகும் மாலைப் பேருந்து. பூண்டுக்காட்டு வேலை முடிந்து நடுவழியில் ஏறிய பெண், லாட்ஜ் சீருடையான பேண்ட் சட்டையில் இருந்த மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேலை எங்கடி?"

"பையில இருக்கு அத்தே. லாட்ஜுல மாத்துற ரூம் பூட்டிக் கெடந்துச்சு. நின்னிருந்தா பஸ்ஸு போயிருக்கும்."

"ஸ்டாப்புல உம் புருசன் நிப்பான். இந்தக் கோலத்துல பாத்தான்னா நாளைக்கு வேலைக்கு விடமாட்டான்."

"நீங்களும் மாமா சட்டையத்தானே போட்டிருக்கீங்க?"

மாமியார், சேலைக்கு மேல் மாட்டியிருந்த மண் ஒட்டிய சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இது சோலிக்குடி."

"இதுவும் சோலிக்குத்தான் அத்தே."

வில்பட்டியில் மகன் நிற்பது தெரிந்ததும் மாமியார் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டினார்.

"வெரசா எந்திரி. நான் முன்னால எறங்குறேன்."