அடித்தல் திருத்தல்

ஒரே ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது சுலபமான காரியம் இல்லை. அளவாக வைத்தால் பாத்திரத்தின் அடியிலேயே வற்றிப்போகும். கூட வைத்தால் மறுநாளும் அதையே சாப்பிட வேண்டும். உன் அப்பா போன பிறகு உன் தங்கை தமிழினி பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று நாள் ஊட்டிக்குப் போனாளே, அப்போதுதான் எனக்கு இது தெரிந்தது. மூன்று நாளும் மோர் சாதம்தான் சாப்பிட்டேன், தினகரா.

காலையில் நீ பீரோவைத் திறந்தது அப்பாவின் இறப்புச் சான்றிதழைத் தேடி. கிடைத்தது வேறு. பத்து நிமிஷம் நின்றபடியே அந்தத் தாள்களைப் புரட்டினாய். "ஏம்மா இதை மறைச்சு வச்சே?" என்று கேட்டாய். சத்தம் போடவில்லை, நீ எப்போதுமே சத்தம் போடுகிற பிள்ளை இல்லை. "நான் தாம்பரம் வரைக்கும் போயிட்டு வரேன். அதுக்குள்ள நீயே தமிழினிகிட்ட சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொன்னாத்தான் நம்புவா" என்று கிளம்பிவிட்டாய். இப்போது வந்து, சொல்லியாச்சா என்கிறாய். உட்கார். அவள் மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிளஸ் டூவில் நீ ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு வாங்கினாய். டியூஷன் சென்டர்காரர்கள் சிட்லபாக்கம் முனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். உன் முகம் மட்டுமே ஆள் உயரம். காய்கறிக்காரம்மா கூட, கொடுத்து வைத்தவள் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ படித்து முடித்து இரண்டு வருஷம் சிறுசேரிக்குப் போய்வந்தாய். கம்பெனி பஸ் உன்னை இறக்கிவிடும் நேரத்துக்குத் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். அந்த இரண்டு வருஷம்தான் எனக்கு இருந்தது. பிறகு உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் அப்பா போனார். நீ வந்தாய், பன்னிரண்டு நாள் இருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுவாய். சில சமயம் நெட் நின்று, பாதி வார்த்தையில் வாய் திறந்தபடி உன் முகம் அப்படியே நின்றுவிடும். நான் கட் பண்ண மாட்டேன். அது தானாகப் போகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மார்க்கில் ஒரு நூறு குறைந்திருந்தால் நீ இந்நேரம் குரோம்பேட்டையில் ஏதாவது ஒரு ஆபீசில் இருந்திருப்பாய். குறையாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் யாருக்கும் புரிகிற விஷயம்.

தமிழினி எட்டாவது படிக்கும்போது கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் ரேங்க் கார்டோடு சமையலறைக்குள் ஓடி வந்தாள். அந்த முகம் உன் முகம். நான் அடுப்பைத் தணித்தேன்.

"பேப்பர் ஈஸியா இருந்திருக்கும் கண்ணு. அண்ணன் வாங்கினதெல்லாம் கஷ்டமான பேப்பர்ல" என்றேன்.

அவ்வளவுதான். அவள் போய் ஷூவைக் கழற்றினாள்.

நான் அவளை ஒரு நாளும் மக்கு என்று சொன்னதில்லை. கை நீட்டியதில்லை. கணக்கை அவள் சட்டென்று போட்டுவிட்டால், "இவ்ளோ சீக்கிரம் வந்துச்சுன்னா எங்கேயோ தப்பு இருக்கும், பாரு. உன் அண்ணன் நாலு தடவை பார்ப்பான்" என்பேன். அவள் பார்ப்பாள். நான்கு தடவை பார்த்தால் எதுவுமே தப்பாகத்தான் தெரியும். மார்க் குறைந்தபோது கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, "நீ என்னை மாதிரிடா செல்லம். நமக்குப் படிப்பு ஒட்டாது" என்று தலையைத் தடவினேன். நான் பத்தாவது இரண்டு தடவை எழுதியும் தேறாதவள். என்னை மாதிரி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

அஸ்தினாபுரத்தில் உன் சுபத்ரா அத்தை வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தோம். பந்தியில் எல்லோர் முன்னாலும் அத்தை, "என்ன அண்ணி, அண்ணன்காரன் ராக்கெட்டு, தங்கச்சி புஸ்வாணமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தமிழினியும் சிரித்து, "புஸ்வாணமாவது கொஞ்சம் எரியும் அத்தை" என்றாள். நல்ல பதில். நான் பாயசம் கேட்டேன்.

பிளஸ் டூவில் கணக்கு வாத்தியார் வில்பிரட் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"உங்க பொண்ணு எழுதுற முதல் விடை எப்பவும் கரெக்ட்டும்மா. அப்புறம் அதை அடிச்சிட்டு வேற எழுதுறா. சட்டுன்னு வர்றது தப்பாத்தான் சார் இருக்கும்ங்கிறா. யார் சொன்னாங்களோ தெரியல. இந்த ஸ்கூல்ல இவ மாதிரி மூளை வேற யாருக்கும் இல்லம்மா. நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா."

சரி சார் என்றேன். ஸ்கூல் கேட்டுக்கு வெளியே தமிழினி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "சார் என்னம்மா சொன்னாரு?"

"நீ எப்படியும் பாஸாயிடுவேன்னு சொன்னாரு."

அதில் பொய் இல்லை. ஆனால் பாஸாகவில்லை. கணக்கில் முப்பத்தொன்று. நான்கு மார்க்கில் போனது. அவள் அழவில்லை. "நான்தான் சொன்னேனே" என்றாள், யாரையோ பற்றிச் சொல்வது மாதிரி.

வில்பிரட் சார்தான் விடாமல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கவைத்தார். நகல் வந்ததும் நான் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொண்டுபோனேன். பக்கத்துக்குப் பக்கம், முழுசாகப் போட்ட கணக்கின் மேல் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து அடித்த நேரான கோடு. அதன் கீழே வேறு ஒரு விடை, அதற்குப் பூஜ்யம். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஐம்பத்தாறு மார்க்கை அவ கையாலயே அடிச்சிருக்காம்மா. எண்பத்தேழு வாங்க வேண்டிய பொண்ணு. இதை அவகிட்ட காட்டுங்க, போதும். ஜூன்ல துணைத்தேர்வு இருக்கு."

எண்பத்தேழு. உன் ஃபிளெக்ஸ்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து தாள்களைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். "சார் பார்த்தாரும்மா. மார்க் சரியாத்தான் போட்டிருக்காங்களாம்" என்றேன். மறுபடி எழுதட்டுமா என்று அவளே கேட்டாள். "உன் இஷ்டம் கண்ணு. இன்னொரு தடவை போச்சுன்னா தாங்குவியா?" என்றேன். அவள் எழுதவில்லை.

அதிலிருந்து மூன்று வருஷம். நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். எங்கேயும் தனியாகப் போகமாட்டாள், என்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டாள். எதிர்வீட்டு சாலமோன் சார், இரண்டு ரயில் மாறி எத்தனை மணிக்குத் திருவள்ளூர் போகலாம் என்று சும்மா கேட்டார். வாய் மூடுமுன் சொன்னாள். உடனே முகம் வெளுத்து, "ஐயோ, தப்பா இருக்கும் அங்கிள், நீங்க போன்ல பாத்துக்குங்க" என்று உள்ளே ஓடிவிட்டாள். நீ போனில், ஏதாவது கோர்ஸில் சேர்த்துவிடுகிறேன் என்றபோதும், "எனக்கெல்லாம் எதுக்குண்ணா, வேஸ்ட்டு" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இன்றைக்கு நீ சொன்னபடியே செய்தேன். தாள்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நான்காவது கணக்கில் நின்றாள். உதடு அசைந்தது. அந்தக் கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படித்துப் படித்து, மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். எட்டாவதில் ரேங்க் கார்டோடு ஓடி வந்த அதே முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, இதுல நான் அடிச்சது சரியா இருந்துச்சா?"

நீ இல்லை. வில்பிரட் சார் இல்லை. கேட்டது என்னிடம்.

"இல்ல கண்ணு," என்றேன். "ரெண்டுமே தப்புதானாம். சார் சொன்னாரு."

அவள் மூச்சை விட்டாள். "அப்பாடா. ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேம்மா. சரியா எழுதிட்டு நானே கெடுத்துக்கிட்டேனோன்னு." தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடமே கொடுத்துவிட்டு மறுபடி பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

இனி நீ சொன்னாலும், அண்ணன் பாசத்தில் சொல்கிறான் என்றுதான் நினைப்பாள். நீ அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவாய், நாளெல்லாம் அவளோடு இருக்கப்போவது நான். அவள் முகத்தில் வந்த அந்த நிம்மதியை நீ பார்க்கவில்லை, தினகரா. உன் படிப்பு உனக்குக் கொடுக்காத நிம்மதி அது. அதை அவளுக்கு நான் கொடுத்திருக்கிறேன்.